ரேடியோ நெல் போட்ட தாத்தா

எங்கள் தாத்தாவைப் பற்றிப் பேச்சு வந்தால் குடும்பத்தில் எல்லாரும் "அவரு அந்தக் காலத்து ஆளு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. பார்த்தும் கேட்டும் நான் தெரிந்துகொண்ட வரையில் எங்கள் வீட்டிலேயே அதிகம் மாறியவர் அவர்தான். நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பினோம். போன இடம் எங்களை மாற்றியது. அவர் பிறந்த ஊரில், அதே வயலில், அதே திண்ணையில் இருந்துகொண்டே மாறினார். அது லேசான காரியம் இல்லை.

ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனம். மேட்டூர் அணை கட்டி முடித்த 1934-ல் பிறந்தார். தேதியை யாரும் குறித்து வைக்கவில்லை. வயதைக் கேட்டால் "டேம் வந்த வருஷம்" என்பார். கேட்டவர் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அவருடைய அப்பாவுக்கு ஒரு குழி நிலம்கூடச் சொந்தமாக இல்லை. மிராசுதார் ஒருவரின் நிலத்தில் அரை வேலியை வாரத்துக்கு உழுதார்கள். உழவும் விதைப்பும் அறுப்பும் உழுகிறவன் பொறுப்பு. களத்தில் நெல் அளக்கும்போது நூறு கலத்தில் அவனுக்கு இருபதோ இருபத்தைந்தோ வரும். மீதி வண்டியேறி மிராசுதார் வீட்டுப் பத்தாயத்துக்குப் போய்விடும்.

1952-ல் தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உழுகிறவன் பங்கு நூற்றுக்கு 40 ஆனது. 1956-ல் வந்த இன்னொரு சட்டம் அதை 60 ஆக்கியது. சட்டம் வந்ததால் நெல் தானாக வீட்டுக்கு வந்துவிடவில்லை. முதல் வருஷம் காரியஸ்தர் பழைய கணக்கிலேயே அளக்கச் சொன்னாராம். தாத்தாவுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. அளக்கிறவர் கையிலிருந்த மரக்காலைப் பிடித்து நிறுத்திவிட்டார். விவசாயிகள் சங்கத்து ஆட்கள் களத்துக்கு வந்து நின்ற பிறகுதான் அளவு தொடர்ந்தது. "நாப்பது வந்த வருஷந்தான் எங்கம்மா ராத்திரிக்கும் ஒல வச்சிச்சு" என்று தாத்தா சொல்வார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருக்காது, கோபம் இருக்கும். அத்தனை வருஷம் கழித்தும் ஆறாத கோபம்.

பிறகு பேக்கேஜ் திட்டம். 1960-ல் தஞ்சாவூர் ஜில்லாவைத் தீவிர சாகுபடிக்கு எடுத்தார்கள். விதை, உரம், கடன், யோசனை எல்லாம் சேர்த்துக் கொடுப்பதால் ஊரில் அதற்கு அந்தப் பெயர். அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. ஜப்பான் ரகம் ஒன்றையும் கிச்சிலிச் சம்பா என்று நாம் சொல்லும் ஜி.இ.பி. 24-ஐயும் இணைத்து உருவாக்கிய குறுவை நெல். திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் பேசியதில் ஜில்லா முழுக்க அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயராகிவிட்டது.

எங்கள் வீட்டில் ரேடியோ இல்லை. பஞ்சாயத்து ரேடியோதான். மாடு கட்டிவிட்டு, கால் கழுவிவிட்டு, தாத்தா அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாராம். கொள்ளுத்தாத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. "பொட்டி சொல்லுதுன்னு நாத்து விடுறியே, பொட்டி வந்து கள எடுக்குமா?" என்று கேட்டிருக்கிறார். தாத்தா எதிர்த்துப் பேசவில்லை. மூன்று மா நிலத்தை, அதாவது ஒரு ஏக்கரை, மட்டும் கேட்டு வாங்கி அதில் ரேடியோ நெல் போட்டார். மீதி நிலத்தில் பழைய நெல். அறுவடையில் இரண்டையும் ஒரே களத்தில், ஒரே மரக்காலால், அப்பா கண் முன்னாலேயே அளந்தார். அடுத்த வருஷம் அரை வேலி முழுக்க ரேடியோ நெல். வீட்டுப் பெரியவரின் மனதை இப்படித்தான் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றும். வாயால் முடியாது, அளந்து காட்ட வேண்டும்.

அந்த நெல் வந்ததால் போனதும் உண்டு. குடவாழையும் காட்டுயானமும் எங்கள் ஊரில் அடியோடு மறைந்தன. உரமும் பூச்சிமருந்தும் வருஷா வருஷம் ஏறின. தாத்தா இதையும் மறைக்கவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார் அல்லவா, அதற்குத் தாத்தா எழுபது வயதுக்கு மேல் பஸ் ஏறிப் போனார். அங்கே ஆளுக்கு 2 கிலோ பாரம்பரிய விதை கொடுப்பார்கள். மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காட்டுயானம் வாங்கி வந்து கொல்லைப் பக்கத்து வயலில் விதைத்தார். மறு வருஷம் 4 கிலோவை மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு அவரே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். ரேடியோ நெல்லுக்கு அப்பாவோடு மல்லுக்கு நின்ற அதே மனிதர்.

1961-ல் நில உச்சவரம்பு 30 ஏக்கர், 1970-ல் 15 ஏக்கர் என்று ஆனதும் மிராசுதார்கள் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். தாத்தா உழுத நிலத்தையும் அதற்கு மேல் கொஞ்சத்தையும் தவணையில் வாங்கினார். பாட்டியின், எங்களுக்கு அப்பாயியின், சங்கிலி போனது. உளுந்து விற்ற சிறுவாட்டுப் பணம் போனது. கடைசியில் 15 மா, அதாவது 5 ஏக்கர், அவர் பெயருக்கு வந்தது. பத்திரத்தில் அப்பாயி பெயர் இல்லை. அது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் தாத்தாவைப் பற்றிச் சொல்ல முடியாது. ஜூன் 12 மேட்டூர் திறப்பு. மூன்று நான்கு நாளில் கல்லணை. அங்கிருந்து வெண்ணாறு. நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பில் பிரிந்து பாமணியாறு. "தலைப்புக்கு வந்துருச்சாம்" என்று யாராவது சொன்னால் தாத்தா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் கூடப் போயிருக்கிறேன். கோடையில் வெடித்துக் கிடந்த வாய்க்காலில் தண்ணீர் அலையாக வராது. நுரையையும் சருகையும் எறும்புக் கூட்டத்தையும் முன்னால் தள்ளிக்கொண்டு தவழ்ந்து வரும். ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி, அதை நிரப்பி, மேலேறி, அடுத்த வெடிப்புக்குப் போகும். வெடிப்புக்குள்ளிருந்து காற்று கொப்புளித்துக்கொண்டு வெளியே வரும். பிள்ளைகள் தண்ணீருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடப்போம். தாத்தா மடியிலிருந்து ஒரு பிடி விதைநெல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டுக் கும்பிடுவார். பிறகு ஒரு வார்த்தை பேச மாட்டார். மடையைத் திறக்கும் வேலை.

2012 முதல் 2019 வரை ஒரு வருஷம்கூட ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. 2017-ல் அக்டோபர் வந்துவிட்டது. தாத்தாவின் கடைசி வருஷங்கள் முழுக்க இந்தக் காலத்துக்குள் விழுந்தன. குறுவை இல்லை, சம்பா மட்டும்தான், அதுவும் வானத்தை நம்பி. போன் செய்தால் நலம் விசாரிக்கும் முன்னால் "பேப்பர்ல மேட்டூர் எத்தன அடி போட்டிருக்கான்?" என்று கேட்பார். 120 அடி என்பது அவருக்கு நிறைவு. டி.எம்.சி. கணக்கைக் கடைசி வரை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. விட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னபோது, 2007-ல் நடுவர் மன்றம் சொன்னதைவிட அது குறைவு என்று விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எந்த மாசத்துல விடுவான்னு அதுல இருக்கா?" என்றார். டெல்டா விவசாயியின் கேள்வி அது ஒன்றுதான். 2020-ல் மறுபடி ஜூன் 12-ல் திறந்தார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். பார்க்க அவர் இல்லை.

குடும்பத்தை அவர் நடத்திய விதம் தை மாதத்தில்தான் தெரியும். சம்பா நெல் களத்துக்கு வந்ததும் அவரே மரக்கால் பிடிப்பார். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார், "லாபம்" என்பார். பிறகு ரெண்டு, மூணு. குலதெய்வத்துக்கு, அறுத்தவர்களுக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, சலவைக்காரருக்கு, முடி திருத்துகிறவருக்கு என்று அளந்த பிறகு மீதி பத்தாயத்துக்கு. அதிலிருந்து மூன்று பெண்களின் வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு மூட்டை. எந்த மகள் முழுகாமல் இருக்கிறாள், பிள்ளை பெற்றவளுக்குப் பழைய அரிசி வேண்டுமே, எந்த வீட்டில் மாமியார் படுக்கையில் இருக்கிறார், அந்த வீட்டுக்குக் கஞ்சிக்கு நொய் தனியாக வேண்டுமே என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது. யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பஸ் கூரையில் மூட்டையை ஏற்றிக்கொண்டு அவரே போவார். பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்க மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "வர்றேன் மாப்ள" என்று கடைசி பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவார். பெரிய அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு அழுததுண்டாம்.

அதே மனிதர் எண்பதை நெருங்கும்போது கண் ஆபரேஷனுக்காகச் சின்ன அத்தை வீட்டில் ஒரு மாதம் தங்கினார். மூன்று வேளையும் அங்கேதான் சாப்பாடு. முதல் நாள் இலை போட்டபோது கொஞ்ச நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அத்தை சொல்வார். பிறகு, "ரசம் ஒங்கம்மா வைக்கிற மாதிரியே இருக்கு தாயி" என்றாராம்.

பெண்கள் விஷயத்தில் அவர் மாறியதை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய அத்தையை எட்டாவதோடு நிறுத்தினார். அதில் அவருக்கு அப்போது வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. சின்ன அத்தையை மன்னார்குடி அரசு கலைக் கல்லூரிக்கு அனுப்பினார். இடையில் நடந்தது என்ன என்று பல பேரிடம் கேட்டிருக்கிறேன். பிளாக்கிலிருந்து சைக்கிளில் வந்த கிராம சேவிகா ஒருவரைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். கூட்டத்தில் ஆண்களுக்கு நடுவில் நின்று பேசி, கேள்விக்குப் பதில் சொல்லி, கணக்கு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன அந்தப் பெண்ணைத் தாத்தா வெகு நாள் கவனித்திருக்கிறார். கல்லூரிக்குப் பணம் கட்டும்போது ஊரில் ஒருவர் "பொட்டப்புள்ளைய எதுக்கு" என்று கேட்டதற்கு, "சைக்கிள் ஓட்டட்டும்" என்று மட்டும் சொன்னாராம். பின்னாளில் அஞ்சு பிள்ளைகளுக்கும் நிலத்தைச் சமமாக எழுதி வைத்தார், ஆளுக்கு மூன்று மா. அவர் தானே சம்பாதித்த சொத்து. யாருக்கும் தர வேண்டும் என்று சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. சித்தப்பா முகம் சுண்டியது. "அஞ்சும் எனக்குப் பொறந்ததுதானே" என்று சொல்லிவிட்டுப் பத்திரப் பதிவு ஆபீஸுக்கு நடந்தார்.

அவர் மேல் பிரியம் வைத்திருப்பதாலேயே இதையும் எழுத வேண்டும். எங்கள் வீட்டுக் கொல்லையில், வேலியோரம், வயல் வேலைக்கு வருகிறவர்களுக்கென்று தனியாக ஒரு அலுமினிய டம்ளர் இருந்தது. யாருக்கு, எதற்காகத் தனியாக என்பது ஊருக்கே தெரியும். வாரத்துக்காகக் காரியஸ்தரை எதிர்த்து நின்ற தாத்தா அந்த டம்ளரை எதிர்த்து நிற்கவில்லை. தொண்ணூறுகளில் ஓட்டு வீட்டைப் பிரித்து மாடி கட்டினோம். அதற்குப் பிறகு அந்த டம்ளரை நான் பார்க்கவில்லை. வாசல் திண்ணையில் எல்லாருக்கும் ஒரே எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது. யார் எடுத்துப் போட்டார்கள், தாத்தா சொல்லியா, அத்தைகளா, தெரியாது. அது இருந்ததைப் பற்றியும் போனதைப் பற்றியும் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேசியிருக்க வேண்டும். முக்கியமாக, அதில் குடித்தவர்களிடம் பேசியிருக்க வேண்டும்.

அப்பாயி எப்போதும் கடைசியில்தான் சாப்பிடுவார். தாத்தா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொண்டதில்லை. அப்பாயிக்கு வாதம் வந்து இடது கை விழுந்துபோன பிறகு, காலையில் அடுப்பு பற்ற வைத்தது தாத்தா. கஞ்சி வைத்து, ஆற்றி, துணியை மடியில் விரித்து, ஊட்டிவிட்டுத்தான் வயலுக்குப் போவார். உப்பு சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். அப்பாயி ஒரு நாளும் சரி என்று சொன்னதில்லை. ஐம்பது வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் அந்த உப்பில் சொன்னார் என்று நினைக்கிறேன். தாத்தா மறு நாள் உப்பைக் கூட்டியோ குறைத்தோ வைப்பார்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்து எங்கள் பக்கத்துத் தென்னையைச் சாய்த்துப் போட்டது. 1952 புயலையும் 1977 புயலையும் பார்த்தவர் அவர். "அம்பத்திரண்டுல வீடு போச்சு, எழுபத்தேழுல மாடு போச்சு, இப்ப மரம் போச்சு. ஆளு இருக்கோம்ல" என்று வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அடுத்த தையில், அறுப்பு முடிந்த பிறகு, தூக்கத்தில் போனார்.

இன்று எங்கள் வயலில் கதிர் அறுக்கும் மெஷின் இறங்குகிறது. மணிக்கு வாடகை. வைக்கோலை இன்னொரு மெஷின் உருட்டிக் கட்டுகிறது. நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வரப்பில் வேறு மொழிப் பாட்டு. நெல் களத்துக்கு வராமல் நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. அங்கே ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டக் கூடாது. மழை வந்தால் சாலையோரம் குவியல் குவியலாகத் தார்ப்பாயின் கீழ் கிடக்கும். பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிடும். தை மாதம் யாருக்கும் மூட்டை வருவதில்லை. நாங்கள் சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் கடையில் அரிசி வாங்கிச் சாப்பிடுகிறோம். வாட்ஸ்அப்பில் குடும்பத்துக்கு ஒரு குழு இருக்கிறது. பிறந்த நாளுக்கு எல்லாரும் வாழ்த்துகிறோம். போன வருஷம் பெரிய அத்தைக்கு மூட்டு ஆபரேஷன் என்பது அது முடிந்து நாலு நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. தாத்தா இருந்திருந்தால் மருத்துவமனை வாசலில் தூக்குவாளியோடு நின்றிருப்பார். இந்த ஒரு இடத்தில் நாங்கள் அவரை எட்டவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் விரும்பவில்லை, அவரும் விரும்பியிருக்க மாட்டார்.

15 மாவையும் இப்போது உழுகிறவர், அந்த அலுமினிய டம்ளரில் தண்ணீர் குடித்த ஒருவரின் பேரன். குத்தகையை ஒழுங்காகக் கொடுக்கிறார். குறுவைக்கு எந்த ரகம், எப்போது உரம் என்பதெல்லாம் அவர் முடிவு. அவருடைய மகள் விவசாயக் கல்லூரியில் படிக்கிறாள். மன்னார்குடி ரோட்டோரம் மனை போடுகிறவர்கள் எங்கள் நிலத்தை விலைக்குக் கேட்கிறார்கள், நல்ல விலை. சித்தப்பா கொடுத்துவிடலாம் என்கிறார். விற்பதென்றால் உழுகிறவருக்கே விற்க வேண்டும் என்பது என் கட்சி. மனைக்காரர் சொல்லும் விலையை அவரால் தர முடியாது. தவணையில் தரட்டும், தாத்தாவும் அப்படி வாங்கியவர்தானே. மூன்று அத்தைகளும் சரி என்று சொல்லிவிட்டார்கள். அப்பா யோசிக்கிறார். பொங்கலுக்குச் சித்தப்பா ஊருக்கு வருகிறார், அப்போது உட்கார்ந்து பேச வேண்டும்.